எந்தப் பக்கத்து மச்சான்?

படுத்தெழுந்த கட்டிலுக்கும் கையால் கசக்கிய கட்டிலுக்கும் வித்தியாசம் தெரியாமல் இத்தாலியின் பலெர்மோவில் இருபது வருடம் வீட்டுவேலை செய்ய முடியாது. படுத்த விரிப்பில் சுருக்கம் நடுவில் இருக்கும், தலையணை குழிந்திருக்கும், ஒரு தலைமயிராவது கிடக்கும். அந்த வீட்டின் இரண்டாவது அறையில் சுருக்கமெல்லாம் ஓரத்திலேயே இருந்தது. யாரோ காலையில் எழுந்து, நான் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மெனக்கெட்டுக் கசக்கி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. யாரும் படுக்காத விரிப்பை நான் எதற்குத் தோய்த்து இஸ்திரி போட வேண்டும்?

கசக்கியவர் ஒரு ஹொலிவூட் கதாநாயகன்.

நான் வழக்கமாக வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய வில்லா இருக்கிறது. ஒரு கோடையில் அமெரிக்கப் படக்குழு ஒன்று அதை வாடகைக்கு எடுத்தது. வீட்டோடு சேர்த்து என்னையும் எடுத்தது. காலை ரயிலில் போய்ப் பின்னேர ரயிலில் திரும்புவேன். வில்லாவில் தங்கியிருந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் அந்த நடிகர். திரையில் பார்த்தால் மலை மாதிரி இருப்பார். சமையலறையில் பார்த்தால் என் மனிசனை விடக் கொஞ்சம்தான் உயரம். இன்னொருவர் மெலிந்த, கண்ணாடி போட்ட பல் வைத்தியர். மூன்றாவது ஆள் நடிகரின் மனேஜர், இரண்டு போனும் ஒரு பதற்றமுமாகத் திரிகிற பெண்.

இவர்கள் மூவரும் என்னோடு இத்தாலியத்தில்தான் பேசினார்கள். நடிகர் அந்தப் படத்துக்காகவே ஒரு வருடம் படித்தவர், மற்ற இருவரும் தட்டுத்தடுமாறிச் சமாளிப்பார்கள். ஆனால் எனக்கு ஞாபகத்தில் எல்லாமே என் தமிழில்தான் இருக்கிறது. ஹொலிவூட்காரர் எப்படி யாழ்ப்பாணத் தமிழ் கதைத்தார்கள் என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

முதல் நாளே மனேஜர் சட்டதிட்டம் சொன்னாள். படம் எடுக்கக் கூடாது. வெளியில் கதைக்கக் கூடாது. "அந்தக் கண்ணாடிக்காரர் இவருக்குக் குஜினோ," என்றாள். குஜினோ என்றால் இத்தாலியத்தில் பெரியப்பா மகனும் அதுதான், மாமா மகனும் அதுதான். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிற சொல். எனக்கு அது போதாது.

"எந்தப் பக்கத்துக் குஜினோ?" என்று கேட்டேன்.

அவள் முழித்தாள். "தாய் பக்கம்."

"தாயின்ர தங்கச்சி மகனோ, தம்பி மகனோ?"

இந்தக் கேள்வி அவளுடைய பயிற்சியில் இல்லை. போனைப் பார்த்தாள், அதிலும் பதில் இல்லை. பின்னால் நின்ற பல் வைத்தியர்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தம்பி மகன்," என்றார்.

"அப்ப சரி," என்றேன். "தங்கச்சி மகன் எண்டால் சகோதரம். தம்பி மகன் எண்டால் மச்சான். மச்சானைக் கட்டலாம், பிழையில்லை."

மனேஜரின் கையிலிருந்து ஒரு போன் விழுந்தது. நான் ஒரு குத்தலும் வைத்துச் சொல்லவில்லை, சத்தியமாக. நான் கட்டியிருப்பதே என் மாமா மகனைத்தான். இரண்டு ஆண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மச்சான் என்றால் அது சும்மா சிநேகிதம், ஒரு பெண் சொன்னால்தான் அது கட்டுகிற முறை. நான் பெண்ணல்லவா, எனக்குத் தெரிந்த விளக்கத்தைச் சொல்லிவிட்டேன். மாடிப்படியில் நின்ற நடிகர் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து இருவரும் வீட்டுக்குள் "மச்சான், உப்பைத் தா", "மச்சான், என்ர சப்பாத்து எங்கை?" என்றுதான்.

பல் வைத்தியருக்கென்று விட்ட அந்த இரண்டாவது அறைக் கட்டிலில் அவர் படுப்பதே இல்லை என்பது அதற்கு இரண்டு நாள் கழித்து எனக்கு வெளித்தது. நேரே போய் நடிகரிடம் சொன்னேன்: "தம்பி, சும்மா அந்தக் கட்டிலைப் போட்டுக் கசக்காதேங்கோ. எனக்குத்தான் வேலை கூடுது." அவர் காது வரைக்கும் சிவந்து போனார். பிறகு, "ஓமக்கா," என்றார். அந்த 'அக்கா' பல் வைத்தியர் என்னிடம் கேட்டறிந்து சொல்லிக் கொடுத்தது.

எனக்கு முதலில் ஒன்றும் கூச்சமாக இல்லை என்று சொன்னால் அது பொய். ரயிலில் வரும்போது யோசித்தேன். இரண்டு ஸ்டேஷன் தாண்டுமட்டும் யோசித்தேன். பிறகு நாளைக்கு என்ன சமைப்பது என்ற யோசனை வந்துவிட்டது.

அந்தக் கிழமையே நடிகரையும் படத்தின் கதாநாயகியையும் வியா மக்வேதா என்ற கடைத்தெருவில் காதலர் மாதிரி நடக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். சினிமாவுக்கல்ல, பத்திரிகைக்கு. ஒளிந்திருந்து எடுத்த மாதிரி இருக்க வேண்டுமாம். ஒரே ஐஸ்கிரீமை இரண்டு பேரும் நக்க வேண்டும். வெயிலில் அது உருகி உருகி ஐந்து தடவை புதிதாக வாங்கினார்கள். கதாநாயகிப் பிள்ளை அன்று பின்னேரம் வில்லாவுக்கு வந்து, "அக்கா, உறைப்பா ஏதாவது இருந்தால் தாங்கோ, வாயெல்லாம் இனிக்குது," என்று கெஞ்சியது. வீட்டுக்கு வந்தால் என் மனிசன் போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, "இஞ்சை பார், இவர் அந்தப் பெட்டையைக் கட்டப்போறாராம்," என்கிறார். நான் வெங்காயம் வெட்டினேன்.

மனேஜரிடம் ஒரு நாள் கேட்டே விட்டேன், ஏன் இந்தக் கூத்து என்று.

"ஹொலிவூட் இப்ப எவ்வளவோ மாறிட்டுது," என்றாள். "ஆரும் ஆரையும் விரும்பலாம். ஊர்வலத்திலை நாங்களும் வானவில் கொடி பிடிச்சுக்கொண்டு போறம். ஆனால் கதாநாயகன் எண்டால் வேறை. ரிக்கெற் எடுக்கிற பொம்பிளையள் இவர் தங்களை விரும்புவார் எண்டு நம்ப வேணும். உண்மை தெரிஞ்சால் நம்பமாட்டினம்."

"போன படத்திலை இவர் தண்ணிக்குக் கீழை மூச்சு விட்டவரெல்லோ? அதை நம்பினவைதானே?"

நான் விடவில்லை. "மற்றப் பக்கம் எப்பிடி? பெண்சாதி பிள்ளையளோடை இருக்கிற ஒருத்தர் ஆம்பிளையை விரும்புற ஆளா நடிக்கலாமோ?"

"அதுக்குப் பரிசே குடுப்பினம்," என்றாள்.

எனக்கு இது புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. நம்முடைய சினிமாவில் கதாநாயகி கல்யாணம் கட்டினால் 'மார்க்கெட் போயிட்டுது' என்று நாங்களே சொல்வோம். அடுத்த வருடம் அவள் அக்காவாகவும் அதற்கடுத்த வருடம் அம்மாவாகவும் வருவாள். ஹொலிவூட்டில் ஆண்பிள்ளைக்கும் அந்த விதி இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குப் புதிது.

அந்தக் கோடையில் என் வீட்டிலும் ஒரு பெரிய அலுவல். மகளுக்கு ஜெர்மனியில் மாப்பிள்ளை சரிவந்து, தையில் பலெர்மோவில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பல் வைத்தியர் இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பார்: தாலி யார் கட்டுவது, எந்த நேரம், ஆர் ஆர் எங்கே நிற்பது. "நாங்களும் வருவம் அக்கா," என்றார். "வராமல்? முன்வரிசையிலை இருத்துவன்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஒரு நாள் பல் வைத்தியர் என்னோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்தவர் திடீரென்று சொன்னார்: "ஒன்பது வருசமா ஒண்டா இருக்கிறம் அக்கா. என்ர அம்மாவின்ர செத்தவீட்டிலை அவர் நாலாம் வரிசையிலை, ஒரு தெரிஞ்ச ஆள் மாதிரி இருந்தவர். இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோ முதலாளி சாப்பிட வாறார். பெரிய படம், மூண்டு பாகம். இவருக்குத்தான் எண்டு தொண்ணூறு வீதம் முடிவு. அண்டைக்கும் நான் குஜினோ எண்டால், திங்கட்கிழமை நான் போயிடுவன். அவருக்கும் சொல்லிப்போட்டன்."

எனக்குப் பட்டாணி கைக்குள்ளேயே நின்றுவிட்டது. இவர் போனால் அந்த மனிதர் உடைந்து போவார். இவர் இருந்தால் அந்த மனிதரின் பிழைப்புப் போகும். எது நடந்தாலும் எனக்குத் துக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சூரை மீன் குழம்பு வைத்தேன். முதலாளி வெள்ளைச் சப்பாத்துப் போட்ட, கலகலப்பான மனிதர். இத்தாலிய வம்சம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு அவரும் என்னோடு இத்தாலியம் பேசினார். மனேஜர் வழக்கம்போல, "இவர் அவருடைய குஜினோ," என்றாள். முதலாளி சோற்றைப் பிசைந்தபடி, "அப்பிடியோ? எந்தப் பக்கம்?" என்று சும்மா ஒரு கேள்வி போட்டார்.

பல் வைத்தியர் தட்டையே பார்த்தார். நடிகர் நிமிர்ந்து, குழம்புச் சட்டியோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"அக்கா, உங்கட பாசையிலை இவர் எனக்கு என்ன முறை?"

மனேஜர் கண்ணால் வேண்டாம் என்கிறாள். "மச்சான்," என்றேன்.

"அப்பிடியெண்டால்?"

"சொல்லவோ?"

"சொல்லுங்கோ."

"கட்டலாம் எண்ட முறை," என்றேன்.

"கட்டியாச்சு," என்றார் நடிகர். "நாலு வருசம்."

பல் வைத்தியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். முதலாளி என்ன செய்தார் தெரியுமா? எழும்பினார். மேசையைச் சுற்றி ஓடிப்போய் இருவரையும் கட்டிப்பிடித்தார். "எவ்வளவு துணிச்சல்! எங்கட ஸ்டூடியோ ஒரு குடும்பம்!" என்றார். அவருடைய கண்ணால் தண்ணீர் வழிந்தது. நானும் அழுதேன். மனேஜர் கூட அழுதாள். முதலாளிக்கு மீன் தலையையும் நடுத்துண்டுகள் இரண்டையும் போட்டேன். இதற்கா இத்தனை வருடம் பயந்தீர்கள் என்று நடிகரின் முதுகில் ஒன்று போட வேண்டும் போல இருந்தது.

திங்கட்கிழமை முதலாளியின் போன் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. நடிகர் என்னிடம் உருளைக்கிழங்கு சீவக் கற்றுக்கொண்டார்; இரண்டு கிழமையில் நன்றாகவே சீவினார். மூன்றாம் கிழமை மனேஜர் வந்து, திகதிகள் ஒத்துவரவில்லையாம் என்றாள். அந்த வேடம் வேறொருவருக்குப் போய்விட்டது. பெண்சாதியும் மூன்று பிள்ளைகளும் உள்ளவர். ஆண்பிள்ளையை விரும்புகிறவராக நடித்து முந்திய வருடம்தான் பரிசு வாங்கியவர். இவருக்கு அதே படத்தில் கதாநாயகியின் தோழன் வேடம் தருவார்களாம். அவள் சட்டை தெரிவுசெய்ய உதவிவிட்டு முதல் பாகத்திலேயே செத்துப்போவானாம்.

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். வெள்ளைச் சப்பாத்து, கள்ளன், நடிப்புக்காரன், என்ர மீன் தலையைத் திருப்பித் தரச் சொல்லுங்கோ என்றெல்லாம்.

நடிகர் கிழங்கைக் கீழே வைத்தார். "இல்லை அக்கா. அந்தாள் அழுதது பொய்யில்லை. நான் இருபது வருசமா நடிக்கிறன், எனக்குத் தெரியும். அவர் உண்மையாத்தான் அழுதவர். அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு."

பல் வைத்தியர் போகவில்லை. கோடை முடிய இருவரும் ஒன்றாகத்தான் விமானம் ஏறினார்கள். என்னைக் கட்டிப்பிடித்து, "தையிலை சந்திப்பம்," என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. "கட்டாயம் வாங்கோ," என்றேன்.

கார்த்திகையில் கல்யாணக் கார்ட் அடித்து வந்தது. மேசையில் பெயர்ப்பட்டியலோடு உட்கார்ந்தோம். இவர்கள் கதையை மனிசனிடம் அப்போதுதான் முழுதாகச் சொன்னேன். நல்ல மனிசர் அவர். பல் வைத்தியரின் தாயின் சாவீட்டைச் சொன்னபோது அவருக்கும் கண் கலங்கியது.

"பாவங்கள்," என்றார். கொஞ்ச நேரம் பேனையை உருட்டினார். "நடிகர் மட்டும் வரட்டுமே? எல்லாரும் படம் எடுப்பினம், பிள்ளைக்கும் சந்தோசம்."

"மற்றவர்?"

"சம்பந்தி வீட்டார், இவர் ஆர் எண்டு கேப்பினம். என்னெண்டு சொல்லுறது?"

குஜினோ என்று சொல்ல முடியாது. நம்மவர்கள் உடனே எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், நான் கேட்டதைப் போலவே. மாப்பிள்ளையின் தாயின் முகத்தை நினைத்தேன். பிள்ளையின் மணவறையை நினைத்தேன். ஒருவரை மட்டும் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை; இருவரையும் கூப்பிடத் துணிவு வரவில்லை. அதனால் ஒருவரையும் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் பல் வைத்தியரிடமிருந்து போனில் செய்தி வந்தது. விமான ரிக்கெற் போட வேண்டும், கல்யாணம் எத்தனையாம் திகதி என்று கேட்டிருந்தார். நான் காலையிலிருந்து மத்தியானம் வரை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், மண்டபம் சின்னன், சொந்தக்காரருக்கே இடம் போதாது, குறை நினைக்க வேண்டாம் என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டு, கையைக் கழுவப் போனேன்.

திரும்பி வருவதற்குள் பதில் வந்திருந்தது. மண்டபம் எவ்வளவு சின்னன் என்று கேட்கவில்லை. ஓரமாக நிற்கிறோம் என்று சொல்லவில்லை. மகளுக்கு எங்கள் இருவரின் வாழ்த்து, உங்களுக்கு எங்கள் அன்பு, நாங்கள் விளங்கிக்கொள்கிறோம் என்று அழகாக, மரியாதையாக எழுதியிருந்தார்கள். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அவ்வளவு பழக்கம் அவர்களுக்கு.