மாமியாரின் கைப்பிடி உப்பு

பன்றிக்கறி சாசேஜ் உடம்புக்கு நல்லதா என்று யாராவது கேட்டால் என் மாமியார் வாயால் பதில் சொல்ல மாட்டார். சட்டைக் கையைச் சுருட்டிப் புஜத்தைக் காட்டுவார். அறுபத்து நான்கு வயதில் இருபது கிலோ இறைச்சித் தட்டைத் தனியாகத் தூக்கும் புஜம் அது. கேட்டவர் எத்தனை வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பார்.

வீட்டின் கீழ்த்தளம்தான் எங்கள் வேலை அறை. வெள்ளை ஓடு பதித்த சுவர், அரவை இயந்திரம், அரைத்த கறியைக் குடலுக்குள் கையால் சுழற்றி அடைக்கும் குழாய், கழுவிய குடல் ஊறும் இரண்டு வாளிகள். முப்பத்திரண்டு வருடமாக மாமியார் இங்கே சாசேஜ் செய்கிறார். நான் மருமகளாக வந்து பதினோரு வருடம் ஆகிறது. பேருந்துப் பணிமனையின் கேன்டீனுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எங்கள் சாசேஜ்தான் போகும். செய்வதில் பாதிக்கு மேல் அங்கேதான் போகிறது என்பதால், அது நின்றால் அடுத்த மாதமே அறையைப் பூட்ட வேண்டியதுதான்.

உப்பை மாமியார் அளந்தது கிடையாது. கறியோடு மிளகும் பூண்டும் பிசைந்து, அள்ளி அள்ளி உப்புப் போட்டு, ஒரு சின்ன உருண்டையை வாணலியில் பொரித்து வாயில் போடுவார். கண்ணை மூடி மென்றுவிட்டு "இன்னும் கொஞ்சம்" என்பார். மறுபடி ஒரு கை விழும். அவர் நாக்குதான் எங்கள் தராசு, அதைக் கேள்வி கேட்க இந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது.

போன வருடம் பணிமனைக்கு ஒரு டயட்டீஷியன் வந்தார். ஒல்லியான பெண், மூக்குக்கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு அட்டை. தொழிலாளர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். சாசேஜை ஆய்வகத்தில் சோதித்து அறிக்கை தராவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம் என்று கடிதம் அனுப்பினார்.

மாமியார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "எலும்பும் தோலுமா இருக்கிறவ எனக்குச் சத்தைப் பத்திப் பாடம் எடுக்கிறாளா? அனுப்புறேன் பாரு" என்றார். அன்றைக்கு அடைத்ததில் திரண்ட நான்கு சாசேஜைப் பொறுக்கித் தானே ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார்.

பத்து நாளில் அறிக்கை டயட்டீஷியன் வழியாக வந்தது. நூறு கிராமில் புரதம் பதினைந்து கிராம். வைட்டமின் பி ஒன்று, பி பன்னிரண்டு, துத்தநாகம் எல்லாம் நன்றாகவே இருந்தன. அதுவரை மாமியார் என்னைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த வரியில் கொழுப்பு இருபத்தேழு கிராம். அதற்கடுத்த வரியில் உப்பு மூன்று கிராமுக்கும் மேல். எங்கள் சாசேஜ் ஒன்று எண்பது கிராம். இரண்டு சாப்பிட்டால் ஒரு நாளைக்கு உடம்புக்குப் போகலாம் என்கிற உப்பு முழுவதும் அதிலேயே முடிந்துவிடும். ஓரத்தில் டயட்டீஷியன் அதைப் பேனாவால் எழுதியே அனுப்பியிருந்தார்.

"பொய். என் உப்பு எனக்குத் தெரியாதா?" என்றார் மாமியார்.

மறுநாள் காலை, பொய்யை நிரூபிக்க, பத்துக் கிலோ கறிக்கு வழக்கம்போல உப்பை அள்ளினார். ஆனால் கறியில் போடாமல் ஒரு கிண்ணத்தில் போட்டார். உருண்டைக்கு மட்டும் அதிலிருந்து எடுத்துக் கலந்து, ருசி பார்த்து, கிண்ணத்தில் இன்னொரு கை போட்டார். தராசில் வைத்தால் முந்நூற்றுப் பத்து கிராம், அறிக்கை சொன்ன அதே கணக்கு. தராசு கெட்டுவிட்டது என்றார். பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்தேன். ஒரு கிலோ காட்டியது.

மாமியார் பாக்கெட்டை இறக்கி வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உப்பு ஜாஸ்தின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"எப்பலேர்ந்து?"

"ஒரு ரெண்டு வருஷமா. முன்னாடி இப்படி இல்ல. வர வரத்தான் ஏறிடுச்சு."

"ஏன் சொல்லலை?"

கல்யாணமான மூன்றாம் மாதம் மிளகு தூக்கலாக இருக்கிறது என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். நான்கு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் எனக்கென்ன பைத்தியமா? நான் தராசைத் துடைக்க ஆரம்பித்தேன். வாசலில் நின்றிருந்த மாமனார் மெல்ல, "எனக்கும் தெரியும். அதைத் தின்னுட்டு ரெண்டு சொம்பு தண்ணி குடிப்பேன்" என்றார்.

மாமனாருக்கு ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டியே இரண்டு வருடம்தான் ஆகிறது. மாமியார் அவரைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நாக்கு மரத்துப்போனது அவருக்கே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காக என் மேலேயே கோபமும் வந்தது.

யாராக இருந்தாலும் அத்தோடு ஓய்ந்திருப்பார்கள். என் மாமியார் வேறு ரகம். அந்த வாரமே தோள்பட்டைக் கறியைக் கூட்டி, கொழுப்பைக் குறைத்தார். பத்துக் கிலோவுக்கு நூற்றைம்பது கிராம் உப்பு, தராசில் நிறுத்து. சாசேஜ் ஒன்று அறுபது கிராம். புதிதாகச் சோதித்து வாங்கிய அறிக்கையையும் ஒரு தட்டையும் எடுத்துக்கொண்டு கேன்டீன் குழுவின் கூட்டத்துக்குப் போனார். நான் பின்னால் பையோடு போனேன்.

"உப்பு என் தப்பு. ஒத்துக்கிறேன்" என்று நின்றபடியே ஆரம்பித்தார். "கொழுப்பும் என் தப்புதான், குறைச்சிட்டேன். ஆனா புரதம் யார் தப்பு? கிரீஸ்ல கை விட்டு எட்டு மணி நேரம் நிக்கிறவனுக்குச் சாப்பாடு வேணும். இந்தத் தட்டைப் பாருங்க. ஒரு சாசேஜ், ரெண்டு கரண்டி வேகவெச்ச பீன்ஸ் விதை, பாதித் தட்டு முட்டைக்கோஸும் கேரட்டும், ஒரு துண்டு கோதுமை ரொட்டி. இதுல என்ன குறை?"

டயட்டீஷியன் அறிக்கையைப் பொறுமையாகப் படித்தார். "தட்டுல குறை இல்லம்மா. ஆனா இந்த மாதிரிக் கறியைத் தினமும் தின்னக் கூடாது. வாரத்துக்கு ரெண்டு நாளே எனக்கு அதிகமாப் படுது."

"அப்ப ஒரு நாள் வைங்க. ஒரு ஆளுக்கு ஒண்ணு. நான் உங்ககிட்ட சண்டைக்கு வரலை."

அப்படிச் சொன்னவர் உட்காரவில்லை. கேன்டீன் கண்ணாடி அலமாரியைக் கையால் காட்டினார். "ஆனா ஒண்ணு. என் சாசேஜைச் சோதிச்சீங்க. அந்த கிரீம் பன்னைச் சோதிச்சீங்களா? அந்த சிப்ஸை? கலர் தண்ணியை? எதுல எவ்வளவு உப்பு, சர்க்கரை, கொழுப்புன்னு எல்லாத்து மேலயும் எழுதி ஒட்டுங்க. முதல் சீட்டு என் தட்டு மேல நானே ஒட்டுறேன். பழைய கணக்கையும் சேர்த்தே ஒட்டுறேன், எனக்கு வெட்கம் இல்ல."

குழுத் தலைவர் கூரையைப் பார்த்தார். கிரீம் பன் போடுவது அவருடைய மச்சான். டயட்டீஷியன் மட்டும் அட்டையில் எதையோ எழுதி அடிக்கோடிட்டார். முதல் தடவையாக அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் எங்களுக்குக் கிடைத்தது. அலமாரி முழுக்கச் சீட்டு ஒட்ட மூன்று மாதம் ஆயிற்று. கேன்டீன் வருமானத்தில் பாதி போனது உண்மை. கடைகளில் கேட்டு, ஒரு மருத்துவமனைக் கேன்டீனையும் பிடித்து, எப்படியோ தாக்குப்பிடிக்கிறோம். வெள்ளிக்கிழமை மாமியாரே போய்ப் பரிமாறுகிறார். போன வாரம் டயர் பிரிவு மெக்கானிக் தட்டை நீட்டி, "இன்னொண்ணு வைங்கம்மா, யாரு பாக்கப்போறா?" என்றான்.

"நான் பாக்கிறேன். முட்டைக்கோஸ் அப்படியே இருக்கு. தின்னுட்டு வா, இன்னும் முட்டைக்கோஸ் தர்றேன்."

இப்போதும் காலையில் அந்தச் சின்ன உருண்டை வாணலியில் பொரிகிறது. முதல் வாய் எனக்குத்தான். நான் மென்று முடிக்கும்வரை மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறாராம். சரியாக இருக்கிறது என்று நான் சொன்ன பிறகு மீதியைத் தன் வாயில் போட்டுக்கொள்வார். முகம் கோணும். கை தானாக உப்புக் கிண்ணத்தின் பக்கம் போகும், பாதி வழியில் நிற்கும், திரும்பி வரும்.

"எனக்குச் சப்புன்னு இருக்கு" என்பார். "அப்ப சரியாத்தான் இருக்கு. குடலை எடு."