அப்பாவின் மூன்று விளக்குகள்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு அப்பா கொழும்பிலிருந்து மூன்று விளக்குகள் வாங்கி வந்தார். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் எங்கள் ஸ்டூடியோ. அதுவரை கூரையில் பதித்த கண்ணாடி வழியே வரும் வெயில்தான் வெளிச்சம். மேகம் மறைத்தால் அன்றைக்குத் தொழில் இல்லை.

விளக்குகளைப் பழகிப் பார்க்க அப்பாவுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. மூக்கும் முழியுமாக அக்கா இருக்க, என்னைத்தான் நாற்காலியில் உட்கார வைத்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. முந்தின கோடையில் அம்மை போட்டு, கன்னமெல்லாம் தழும்போடு எழுந்தவள் நான். அதன்பின் வீட்டுக் கண்ணாடியை அம்மா என் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில் மாட்டியிருந்தாள். ஏனென்று நான் கேட்டதில்லை.

ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து எடுத்த முதல் படத்தை அம்மா பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஒவ்வொரு தழும்பும் பள்ளமாகத் தெரிந்தது.

"நெகட்டிவ்ல பென்சில் வச்சுத் தழும்ப அழிச்சிருங்களேன். எல்லாரும் அப்படித்தான செய்யுதாவ."

"அழிச்சா அது வேற யாரு பிள்ளையோல்லா ஆயிரும்," என்றார் அப்பா.

மறுநாளும் உட்கார்ந்தேன், அதற்கு மறுநாளும். விளக்கை நேரே வைத்தால் முகம் கல்லில் ஊற்றிய தோசை மாவுபோல் தட்டையானது. கடைசியில் பெரிய விளக்கை உயர்த்தி, அதன் முன்னால் மெல்லிய மல் துணி கட்டினார். நிழல் விழுந்த பக்கத்தில் சின்ன விளக்கைத் தள்ளி வைத்தார். மூன்றாவது என் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"நாடியத் தூக்குளா."

முகவாயைத் தூக்கினேன்.

அந்தப் படத்திலும் தழும்புகள் இருந்தன. ஆனால் பார்க்கிறவர்கள் முதலில் பார்த்தது என் கண்களை. பிறகு ஓரத்தில் மின்னிய சடையை. அப்பா அதைப் பெரிதாக்கி ஸ்டூடியோ வாசலில் கண்ணாடிக்குள் வைத்தார். பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுவழி என்றாலும் நான் அந்தப் பக்கமே போனேன்.

ஒருநாள் வேம்பாரிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். கொழும்பிலிருக்கும் மாப்பிள்ளைக்கு அனுப்பப் படம் வேண்டும். மகள் முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தாள்.

"வாசல்ல ஒரு பிள்ளை படம் இருக்குல்லா, அதே மாதிரி எடுக்கணும் அண்ணாச்சி," என்றாள் தாய்.

அப்பா என் தோளில் கைவைத்து முன்னால் நிறுத்தினார். "இவதான் அந்தப் பிள்ளை. எம் மவ."

அந்த வேம்பார் அக்கா என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, வெளிச்சம் சுடுமா என்று கேட்டாள்.

"சுடும். பழகிரும்," என்றேன், பெரிய அனுபவசாலியைப் போல.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை மெல்லக் கன்னத்திலிருந்து எடுத்தாள். அவளுக்கும் என்னைப் போலவே தழும்பு. விளக்கின் சூடு தாங்காமல்தான் எடுத்தாள் என்று நினைத்து, ஓடிப்போய் ஓலை விசிறியை எடுத்து வந்து கொடுத்தேன்.