அவர் மேல் போன ரோடு

குமுளிக்கு மேலே நான் பிறந்த தேயிலை எஸ்டேட்டின் துரை பங்களா இப்போது ரிசார்ட்டாகிவிட்டது. போன வருஷம் அதன் மானேஜர் என் வீடு தேடி வந்தார். கோட்டயத்துப் பக்கத்து இளைஞர், எங்களிடம் பேசவென்றே கொஞ்சம் தமிழ் கற்று வைத்திருப்பவர்.

"டீச்சரே, ஒரு சின்ன ப்ரோக்ராம். பழைய துரையோட குடும்பம் லண்டன்ல இருந்து வருது. துரை மகன் உலக யுத்தத்துல பிளேன் ஓட்டி மரிச்ச ஆளல்லே. அவர் பேருக்கு ஒரு பித்தளைத் தகடு வைக்கிறோம். நீங்க எஸ்டேட்ல வளர்ந்த ஆள், ஹிஸ்டரி டீச்சரும்கூட. நல்லதா ரெண்டு வார்த்தை பேசணும்."

நல்லதா ரெண்டு வார்த்தை. யுத்தத்தைப் பற்றி என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். வருகிறேன் என்றேன்.

வேலையில் இருந்த காலமெல்லாம் பத்தாம் வகுப்புக்கு உலகப் போர் நடத்தியவள் நான். போருக்கான காரணங்கள் யாவை என்ற கேள்வி பரீட்சையில் தவறாது. தோற்ற நாட்டின் அவமானம், நாடு பிடிக்கும் ஆசை, வேலையில்லாத் திண்டாட்டம், வேடிக்கை பார்த்த வல்லரசுகள் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். முழு மார்க் போடுவேன். தப்பாக எழுதவில்லையே. ஆனால் என் அம்மாவின் முதல் புருஷன் அஸ்ஸாம் காட்டில் செத்ததற்கு இந்த நாலில் எது காரணம் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. காரணமெல்லாம் பெரிய மனிதர்கள் வைத்திருந்தார்கள். எங்கள் லயத்தில், அந்த ஒட்டுச்சுவர் வரிசை வீடுகளில், ஜெர்மனி என்பது ஊரா ஆளா என்றுகூட யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்குக் கல்யாணமாகி நாலைந்து மாதம்தான் இருக்கும். அப்போது கூலி ஆட்களை மேய்க்கும் கங்காணி லயத்துக்கு வந்து ஆள் பிடித்தார். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து அஸ்ஸாம் எல்லைக்கே வந்துவிட்டானாம், பட்டாளம் போக மலையில் ரோடு வெட்ட வேண்டுமாம், துரை ஆள் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். தன் மாட்டை அடுத்தவன் உழவுக்கு ஓட்டிவிடுவது மாதிரி துரை எங்கள் ஜனத்தை ஓட்டிவிட்டார்.

"ஆறு மாசம்தாம்லே. கம்பளி தருவாக, சட்டை தருவாக. ரயில்ல போயிட்டு ரயில்ல வரப்போறீக" என்றாராம் கங்காணி. அவருக்கும் வயது வந்த மகன்கள் இருந்தார்கள். ரயில் பார்க்கும் அந்த யோகத்தை அவர்களுக்கு அவர் கொடுக்கவில்லை.

அம்மாவின் புருஷனோடு லயத்து ஆட்கள் பலரும் மலையிறங்கிக் கம்பம் வழியாகப் போனார்கள். ஆறு மாதம் போயிற்று. வருஷமும் போயிற்று. பர்மா அரிசி நின்றுபோனதால் லயத்தில் மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்குதான். பங்களாவில் நாய்களுக்குச் சோறு விழுந்தது என்று அம்மா சொல்வாள். அங்கே பாத்திரம் துலக்கியவள் அம்மாவின் சித்தி, அதனால் அது கட்டுக்கதை இல்லை.

யுத்தம் முடிந்ததும் பேக்டரியில் மணி அடித்து எல்லோருக்கும் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தார்களாம். யார் ஜெயித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாமதான் என்று கங்காணி சொன்னபோது, நாமன்னா யாரு என்று ஒருத்தி கேட்டு வசவு வாங்கினாள்.

அப்புறம் ஆட்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள், காய்ச்சலில் மஞ்சளாகி, தோல் உரிந்து. லாரிச் சத்தம் கேட்டால் அம்மா கொழுந்துக் கூடையோடு ரோட்டுக்கு ஓடுவாள். கங்காணி சிரிப்பாராம்: "அவன் அங்கனயே ஒருத்தியச் சேத்துக்கிட்டிருப்பான். நீ என்னத்துக்குட்டி ஓடுத?"

கூடப் போய்த் திரும்பியவர்களில் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர். அம்மாவைக் கண்டால் வேறு வழியில் போய்விடுவார். கடைசியில் அம்மா ஒருநாள் தண்ணிக் குழாயடியில் அவரை மறித்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒன்னு உசுரோட இருக்காகன்னு சொல்லுங்க, இல்ல செத்துட்டாகன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒன்னு சொல்லாம இங்கன இருந்து போக விடமாட்டேன்."

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். போன முதல் மழையிலேயே காய்ச்சல் கண்டு செத்துப்போனார் என்றார். ரோட்டோரத்திலேயே குழி வெட்டினார்களாம். அடுத்த வாரம் லாரி திரும்ப இடம் பத்தவில்லை என்று ரோட்டை அகலப்படுத்தச் சொன்னார்கள்.

"நாங்கதாம்மா கல்லப் போட்டு இடிச்சோம். அவன் மேலதான் ரோடு போச்சு."

"வந்த அன்னைக்கே ஏன் சொல்லல?"

"கங்காணி சொல்லக்கூடாதுன்னுட்டாரு. பொம்பளைக அழுதுக்கிட்டு உக்காந்தா கொழுந்து முத்திப்போகுமாம்."

இதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் டீச்சராகியிருந்தேன். காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள், அழவில்லை. செத்தவருக்காக ஒன்றரை வருஷத்துக்கு மேல் குங்குமம் வைத்துக்கொண்டிருந்ததை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

குழாயடியிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. அன்று பறித்த கொழுந்தை எடை போடக் கொண்டுபோகாமல் துரை ஆபீஸ் வாசலில் கொட்டிவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கங்காணி முடியைப் பிடித்து இழுத்தும் எழவில்லை. சத்தம் கேட்டுத் துரை வெளியே வந்தார். விஷயம் கேட்டு, இங்கிலீஷில் ஏதோ சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

"தொர மகனும் சண்டையில செத்துட்டாரு. தொரயே அழுதாரு பாரு. போ, நீயும் வீட்ல போய் அழு" என்றார் கங்காணி.

"அவரு மகன் செத்தது அவருக்கு எத்தன நாள்ல தெரிஞ்சுதுன்னு கேளுங்க" என்றாள் அம்மா.

கங்காணி துரையிடம் என்னவோ சொன்னார். துரை தலையை ஆட்டி, அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். தான் கேட்டதைக் கங்காணி அப்படியே சொல்லியிருந்தால் அந்த மனுஷன் கும்பிட்டிருக்க மாட்டான் என்பது அம்மாவின் முடிவு. மகன் செத்த சேதி பங்களாவுக்குத் தந்தியில் வந்ததும், அன்று பேக்டரியை அரைநாள் நிறுத்தியதும் லயம் முழுக்கத் தெரிந்ததுதானே.

பிற்பாடு அம்மாவைக் கொழுந்தனுக்கே கட்டி வைத்தார்கள். அவர்தான் என் அப்பா. தன் அண்ணன் பெயரை வீட்டில் ஒருநாளும் சொல்லமாட்டார். ஆனால் என் அண்ணனுக்கு அதே பெயரைத்தான் வைத்தார்.

இந்த நினைப்போடுதான் ரிசார்ட்டுக்குப் போனேன். புல்வெளியில் நாற்காலி, ஏலக்காய் மாலை, தட்டில் முந்திரி. துரையின் பேத்தி வந்திருந்தாள், என் வயது இருக்கும். நான் தமிழில் பேசினேன். மானேஜர் ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தார். பேக்டரி மணி வரை ஒழுங்காகச் சொன்னார். ரோடு போன இடம் வந்ததும், இந்த எஸ்டேட்டுக்கு என் குடும்பம் என்றைக்கும் நன்றியோடு இருக்கிறது என்று சொன்னார்.

நான் இங்கிலீஷும் படித்தவள் என்பது அவருக்கு மறந்துவிட்டது. மைக்கை வாங்கி, நான் சொன்னதை நானே அப்படியே சொன்னேன். மானேஜர் கை காட்டினார், எங்கோ பாட்டைப் போட்டார்கள். பாட்டுக்கு மேலேயே சொல்லி முடித்தேன்.

மறுநாள் காலை அந்தப் பேத்தி ஜீப் பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். பால் ஊற்றாத கட்டன் சாயா கொடுத்தேன். கண் கலங்க மன்னிப்புக் கேட்டாள். நீ அப்போது பிறக்கவே இல்லையே என்றேன். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரக்கமும் வரவில்லை. அழுவதற்கு மலையேறி வர அவர்களுக்கு எப்போதும் சௌகரியம் இருக்கிறது என்றுதான் தோன்றியது.

"தகட்டில் அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"உங்கள் துரை மகன் பெயருக்குக் கீழேயா?"

அவள் சாயா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம். அவர் விரும்பிப் போனவரில்லை. அந்த வரிசையில் நிற்கவைத்தால் யுத்தம் அவருக்கும் சொந்தம் மாதிரி ஆகிவிடும்."

பெயரையாவது சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். ழகரம் அவளுக்கு வரவில்லை. ஜீப் ஹாரன் அடிக்கும்வரை வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். நான் திருத்திக்கொண்டே இருந்தேன்.