அத்தான் கூட்டிய தெரு

நான் இருக்கும் கனடாச் சிற்றூரில் சித்திரை மாதம் பனி கரையும்போது பூவுக்கு முன்னால் குப்பைதான் வெளியே வரும். ஐந்து மாதமாகப் பனிக்குள் புதைந்து கிடந்த கோப்பிக் கோப்பைகள், பியர் ரின்கள், ஒற்றைக் கையுறைகள், யாரோ ஒரு குழந்தையின் சப்பாத்து எல்லாம் நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளத்தில் பல்லை இளித்துக்கொண்டு கிடக்கும். அதைப் பொறுக்க ஒரு சனிக்கிழமை ஊரே இறங்கும். சம்பளம் இல்லை, கட்டாயம் இல்லை. ஆனாலும் காலை எட்டு மணிக்கு நகர மண்டபத்தின் முன்னால் பல் வைத்தியர், வங்கி மனேஜர், தேவாலயத்துப் பாதிரியார் என்று வரிசை நிற்கும். ஆளுக்கொரு செம்மஞ்சள் மேலங்கி, ஒரு சோடிக் கையுறை, நுனியில் இடுக்கி வைத்த ஒரு நீளத் தடி, ஒரு கறுப்புப் பை. மேலங்கி முடிந்துவிட்டது என்றால் வரிசையின் கடைசியில் நிற்பவர்களின் முகம் வாடிப்போகும். கலியாண வீட்டில் வடை முடிந்ததற்குக்கூட எங்கள் ஆட்கள் இவ்வளவு கவலைப்பட்டதை நான் பார்த்ததில்லை.

வந்த முதல் வருடம், நான் வேலை செய்யும் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இந்த அறிவித்தலை ஒட்டியிருந்தார்கள். ‘கொம்யூனிட்டி சேர்விஸ்’ என்று தலைப்பு. குடித்துவிட்டு வாகனம் ஓட்டியவனுக்கு நீதிபதி அதைத்தான் தண்டனையாகக் கொடுத்தார் என்று அந்த வாரம் செய்தியில் பார்த்திருந்தேன். அறிவித்தலின் கீழே என் பெயரும் இருந்தது. நேரே மேலாளரின் அறைக்குப் போய், “நான் என்ன பிழை செய்தேன்?” என்று கேட்டேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவர் கண்ணீர் வரச் சிரித்தார். அந்தக் கதை ஆய்வுகூடம் முழுக்கப் பரவியது. நானும் பகிடிதான் என்று சிரித்துச் சமாளித்தேன். பிறகு வந்த வருடங்களில் ஒரு முறை காய்ச்சல், ஒரு முறை இடுப்பில் நாரிப் பிடிப்பு, ஒரு முறை கோயில் என்று ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பினேன். உண்மையான காரணத்தை இந்த ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. தெருக் குப்பையில் கை வைப்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பழக்கமில்லை. அதற்கு எங்களிடம் ஒரு ஆள் இருந்தார்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் எங்கள் வீடு. அந்த ஒழுங்கையைத் தினமும் விடியக் கூட்டுபவர் செல்வராஜ். மாநகரசபையின் நகரசுத்தித் தொழிலாளி. கொட்டாஞ்சேனையில் குடியிருப்பு. தகப்பனும் அதே வேலைதான். பள்ளிக்கூடத்தில் சிரமதானம் வந்தால் மைதானத்தில் ஆளுக்கொரு பங்கு பிரித்துத் தருவார்கள். என் பங்கைச் செய்ய அம்மா செல்வராஜை அனுப்புவா. “தம்பிக்கு உடம்பு சரியில்லை, நீ ஒருக்காப் போய்ச் செய்து குடு” என்பா. அவர் ஈர்க்கு விளக்குமாற்றோடு வந்து, “எது தம்பி உங்க பங்கு?” என்று கேட்டுக் கூட்டுவார். நான் மர நிழலில் இருந்து ஐஸ் பக்கெட் குடிப்பேன். எங்கள் வகுப்பிலேயே என் மூலைதான் சுத்தம் என்று மாஸ்டர் ஒரு முறை கை தட்டச் சொன்னார். நான் எழுந்து நின்று அதை வாங்கிக்கொண்டேன்.

அந்தச் செல்வராஜுக்கு நிரந்தர நியமனம் கிடைக்க விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள் என் அக்கா மாலினி. சிங்களத்தில் இருந்த படிவம் அது. எங்கள் வீட்டில் சிங்களம் ஒழுங்காக எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு படிவத்துக்குப் பிறகு இன்னொரு படிவம், வாசல் கேற்றடியில் நின்று இரண்டு வார்த்தை, பிறகு நாலு வார்த்தை. ஒரு நாள் வேலைக்குப் போகிறேன் என்று வெளிக்கிட்டுப் போனவள் அவரோடு பதிவுத் திருமணம் செய்துவிட்டாள். அப்பா அன்றைக்கே அவளுக்குத் தலை முழுகினார். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் முகத்தில் எப்படி முழிப்பது என்று அம்மா அழுதா. அடுத்த தீபாவளிக்கு அக்கா கையில் ஒரு பலகாரப் பெட்டியோடு வந்தாள். கதவைத் திறந்தவன் நான். எனக்குப் பத்தொன்பது வயது. உள்ளே அம்மா முறுக்குச் சுடுகிற வாசனை வாசல்வரை வந்துகொண்டிருந்தது. “அம்மா வீட்டில இல்லை” என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். எண்ணெய்ச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். “சரி தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னைக் கதவைச் சாத்தச் சொல்லி யாரும் ஏவவில்லை. நானாகத்தான் சாத்தினேன்.

இந்த வருடம் ஆய்வுகூடத்தில் என்னைப் பகுதித் தலைவராக்கிவிட்டார்கள். குப்பை பொறுக்கும் குழுவுக்கும் நானே தலைவர் என்பதால் நாரிப் பிடிப்பு செல்லாது. எனக்குச் சோடியாக டோரீன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், பள்ளத்தில் என்னைவிட வேகமாக இறங்குவார். நான் பையைப் பிடிக்க அவர் இடுக்கியால் எடுத்துப் போட்டுக்கொண்டே, “உங்கள் நாட்டிலும் இப்படிச் செய்வீர்களா?” என்று கேட்டார். என்ன நினைத்தேனோ, “என் அக்காவின் கணவர் செய்வார்” என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதரை உறவு சொல்லி நான் குறிப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“அப்படியா! வருடத்துக்கு எத்தனை முறை?”

“ஒவ்வொரு நாளும்.”

டோரீனின் தடி அந்தரத்தில் நின்றது. “ஒவ்வொரு நாளுமா? எவ்வளவு காலம்?”

“முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும்.”

அவர் கையுறையைக் கழற்றி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “எப்பேர்ப்பட்ட மனிதர்! ஊரே அவரைக் கொண்டாடியிருக்குமே. உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்!” என்றார். அது அவருடைய தொழில், அந்த வேலைக்காகத்தான் நாங்கள் அவரை வாசற்படி ஏற விடவில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம். மற்றது, செல்வராஜ் அத்தானை ஒருவர் மனம் நிறைந்து புகழ்வதை வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று ஆசையாக இருந்தது.

மதியம் யாரோ எங்களைப் படம் எடுத்து ‘நமது ஊரின் நாயகர்கள்’ என்று நகரத்தின் முகநூல் பக்கத்தில் போட்டார்கள். நான் அந்தப் படத்தை என் பக்கத்திலும் குடும்பக் குழுவிலும் போட்டேன். செம்மஞ்சள் மேலங்கி, கையில் குப்பைப் பை, வாயெல்லாம் பல். ஐந்து நிமிடத்தில் வெள்ளவத்தை, லண்டன், சிட்னி எல்லா இடத்திலிருந்தும் இதயங்கள் வந்து குவிந்தன. “பெருமையாக் கிடக்கடா” என்று வெள்ளவத்தையிலிருந்து அண்ணன் எழுதினார். “சுத்தம் எண்டா அங்கத்தைய ஆக்களிட்டத்தான் படிக்க வேணும்” என்று சித்தி எழுதினா. செல்வராஜைக் கேற்றுக்கு வெளியே நிற்கவைத்து, கைபடாமல் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றிய அதே சித்தி.

அன்று மாலை, பெயர் தெரியாத ஒரு பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. “மாமா, நான் மாலினியின்ட மகள் நிரோஷா. உங்கட படம் பாத்தன். அப்பாவும் இதே கலர் ஜக்கெட்தான் போடுறவர். அப்பா மாசியில மோசம் போயிட்டார். செத்தவீட்டண்டைக்கு உங்களுக்குக் கோல் எடுத்தது எண்டு அம்மா சொன்னா.”

கைத்தொலைபேசியில் பழைய அழைப்புகளைத் தேடிப் பார்த்தேன். இருந்தது. மாசி மாதம் ஒரு நாள், இங்கே இரவுச் சாப்பாட்டு நேரத்தில், ஒரே இலங்கை இலக்கத்திலிருந்து மூன்று அழைப்புகள். புலம்பெயர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரிலிருந்து தெரியாத இலக்கம் என்றால் ஒன்றில் சாவு, இல்லாவிட்டால் உதவி கேட்பார்கள். சாவு என்றால் அண்ணன் சொல்லுவார்தானே என்று எடுக்காமல் விடுவதுதான் எங்களில் பலரின் வழக்கம். அன்றைக்கு நான் தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புட்டுக்குக் குழம்பை ஊற்றியது எனக்கு நினைவிருக்கிறது. முப்பது வருடத்தில் அக்கா என்னைத் தேடியது அந்த ஒரு முறைதான். அடுத்த வாரமே விடுப்பு எடுத்துக் கொழும்புக்கு ரிக்கற் போட்டேன். எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. என்னைத் தம்பி என்று அவள் இன்னொரு முறை ஏற்றுக்கொண்டால் போதும்.

வெள்ளவத்தையில் அண்ணனின் மாடி வீட்டில்தான் இறங்கினேன். எங்கே போகப்போகிறேன் என்று சொன்ன பிறகும் அவர் பத்திரிகையைக் கீழே வைக்கவேயில்லை.

“எனக்கும் கோல் எடுத்தவள்தான். நான் என்னெண்டு போறது? ஆக்கள் என்ன கதைப்பினம்?”

“எனக்காவது சொல்லியிருக்கலாமே அண்ணை.”

“சொல்லி? நீ கனடாவில இருந்து பறந்து வந்திருப்பியோ?”

நான் எழுந்து வெளிக்கிட்டேன். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று காலி வீதிக் கடையொன்றில் ஏறி, கரை மெலிந்த வெளிர் நீலச் சேலை ஒன்று எடுத்தேன். அக்காவுக்கு நீலம் பிடிக்கும் என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு வேறு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஓட்டோ பிடித்தேன். புறக்கோட்டை நெரிசலில் அரை மணித்தியாலம் நின்றும் ஒரு மணித்தியாலத்துக்குள் கொட்டாஞ்சேனை வந்துவிட்டது. இவ்வளவு கிட்டத்தான் அவள் இருந்திருக்கிறாள்.

நிரோஷா அனுப்பிய விலாசம், இரண்டாம் மாடி. அக்காவே கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. பார்த்த உடனேயே என்னை அடையாளம் கண்டுவிட்டாள். “உள்ள வா” என்று விலகி வழிவிட்டாள். அதற்கு அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சுவரில் அத்தானின் படம். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது என்பதால் முகம் கலங்கித் தெரிந்தது. நிரோஷா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். நான் சேலைப் பையை நீட்டினேன். அக்கா வெளியே எடுத்து, மடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

“இதை என்னெண்டு நினைச்சுக் கொண்டு வந்தனி?”

“சும்மாதான் அக்கா. உனக்கு நீலம் பிடிக்குமெண்டு.”

“அப்ப உனக்கு ஒண்டும் தெரியாது.” கோபம் இல்லாமல், பக்கத்து வீட்டுக் கதை சொல்வதுபோலச் சொன்னாள். “அவரின்ட ஆக்களில ஒரு முறை இருக்கு. புருசன் செத்தா, பெண்சாதியின்ட கூடப்பிறந்ததுகள் அவளுக்குக் கோடிச் சேலை கொண்டுவந்து போடவேணும். அதுக்குப் பிறகுதான் பிரேதத்தை எடுப்பினம். பத்து மணிக்கு எடுக்கிறதெண்டு இருந்தது. காலமை அண்ணைக்குக் கோல் எடுத்தன், அவர் செத்திட்டார் எண்டதும் போனை வச்சிட்டார். பிறகு உனக்குக் கோல் எடுத்தன். நீ வரவேணுமெண்டு இல்லைத் தம்பி. அண்ணையிட்ட நீ ஒரு வார்த்தை சொன்னா அவர் வருவார் எண்டு நினைச்சன். வெள்ளவத்தையில இருந்துதானே.”

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“மத்தியானம் ஒரு மணி வரைக்கும் வச்சிருந்தவை. எல்லாரும் வாசலைப் பாக்க, நானும் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தன். கடைசியா அவரோட வேலை செய்த நாலு பேர் எழும்பிப் போச்சினம். காலமை றோட்டுக் கூட்டின உடுப்போட வந்தவை, அப்பிடியே புறக்கோட்டைக்குப் போய் ஒரு சேலை எடுத்துக்கொண்டு வந்து, ‘நாங்கதாம்மா ஒங்க அண்ணன் தம்பி’ எண்டு போட்டவை. அதுக்குப் பிறகுதான் அவரை எடுத்தது.”

நான் அழுதேன். ஐம்பது வயதை எட்டிய ஆள், அந்தச் சின்ன அறையில், பார்த்தே அறியாத மருமகளின் முன்னால் குலுங்கி அழுதேன். தீபாவளியன்று சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன். “அம்மா சுட்ட முறுக்கின்ட மணம் றோட்டு வரைக்கும் வந்தது” என்று அக்கா சொன்னாள். என் தலையில் கை வைத்தாள். சோறு போட்டு, தன் கையால் மீன் குழம்பு ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள். வெளிக்கிடும்போது சேலைப் பையை என் கையில் தந்தாள்.

“வச்சிரு அக்கா.”

“ஏலாது தம்பி. உன்னில கோபத்தில இல்லை. கோடி ஒருக்காத்தான். அது போட்டாச்சு. போட்டவைதான் இனி எனக்குச் சகோதரம். நீ வந்தா எப்பவும் சாப்பிடலாம்.”

படி இறங்கும்போது அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கொன்றது. பசித்து வரும் யாருக்கும் சொல்லக்கூடிய வார்த்தை அது. அண்ணன் வீட்டில் சேலையை வைத்துவிட்டு வர மனம் வரவில்லை. மனைவிக்குக் கொடுக்கவும் மனமில்லை. பெட்டியின் அடியில் வைத்துக் கனடாவுக்கே கொண்டுவந்தேன்.

விமான நிலையச் சுங்கத்தில் இருந்தவன் இளம் அதிகாரி, சிரித்த முகம். அன்பளிப்புப் பொருள் ஏதும் உண்டா என்று கேட்டான். ஒரு சேலை என்றேன்.

“யாருக்கு?”

“அக்காவுக்கு.”

“அக்கா எந்த ஊரில் இருக்கிறார்?”

“கொழும்பில்.”

அவன் கடவுச்சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். “ஐயா, நீங்கள் கொழும்பிலிருந்துதானே வருகிறீர்கள்? அதைத் தவறான பக்கம் கொண்டுவந்துவிட்டீர்கள்” என்று சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்காததைக் கண்டு, களைப்பு என்று நினைத்திருப்பான். கடவுச்சீட்டைத் திருப்பித் தந்து, கனிவாக, “வெல்கம் ஹோம்” என்றான். நான் நகரவில்லை. பின்னால் நின்றவர் என் தோளைத் தட்டி, உங்கள் முறை முடிந்துவிட்டது என்றார்.