சேற்றில் நின்ற கோர்ட்டு

அமெரிக்காவின் கன்சாஸ் புல்வெளியில் ஆர்ஃபா பிறந்தபோது அந்த மாவட்டத்துக் கோர்ட்டு ஒரு மண்குடிசை. மழை பெய்தால் நீதிபதி குடை பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வார். பிறகு அவளுடைய ஊரான டன்பியில் பலகைக் கோர்ட்டு வந்தது. பின்னாளில் செங்கல் கோர்ட்டையும் கல் கோர்ட்டையும்கூட அவள் பார்த்துவிட்டாள். ஆனால் கோர்ட்டு என்றால் அவளுக்கு அந்தப் பலகைக் கட்டடம்தான்.

அவளுக்குக் கல்யாண வயது வந்த வருஷம், கோர்ட்டு இருக்கவேண்டிய மாவட்டத் தலைநகர் எந்த ஊர் என்ற தேர்தலில் பக்கத்து ஊரான கார்வெல் ஜெயித்தது. ஜெயித்தவர்கள் சும்மா இருப்பார்களா? டன்பியின் கோர்ட்டுக் கட்டடத்தையே உருட்டுக்கட்டைகள் மேல் ஏற்றி, காளைகளைப் பூட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஆர்ஃபாவின் அப்பா லெவி துப்பாக்கியோடு போய் மறித்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

"இனிமே கார்வெல் மண்ண மிதிச்சா என் பேரு லெவி இல்ல!"

ஆர்ஃபா மனசைக் கொடுத்திருந்ததோ கார்வெல்காரன் ஹைரமுக்கு. அவன் அம்மா செலீனா டன்பிப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்றாள். அப்பா வராத கல்யாணத்துக்கு ஆர்ஃபாவுக்கு மனம் ஒப்பவில்லை. அழுது அழுது முகம் வீங்கியதுதான் மிச்சம்.

அப்போதுதான் பனி உருகி, கோர்ட்டு பாதி வழியில் சேற்றில் மாட்டிக்கொண்டது. வழக்குகள் காத்திருக்குமா? நீதிபதி ஏணி வைத்து ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா, அது கார்வெல்லும் இல்ல, டன்பியும் இல்ல."

"வெறும் சேறு."

"சேத்து மேல நீங்க ஒண்ணும் சபதம் போடலியே?"

லெவி பூட்ஸைத் தேடினார்.

ஒரு பக்கம் சாய்ந்திருந்த கோர்ட்டில் கல்யாணம் நடந்தது. செலீனா தான் சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பலகாரத்தை லெவியிடம் நீட்டினாள்.

"டன்பிக்காரங்க எவ்ளோ கோணலா கட்டியிருக்காங்க பாருங்க!"

"நீங்க இழுத்த லட்சணம், சம்பந்தியம்மா!" என்றபடி இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார் லெவி.

சாப்பாடு முடிந்ததும் கார்வெல் ஆட்கள் காளைகளை அதட்டினார்கள். கட்டடம் அசையவில்லை. லெவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கல்யாணக் கோட்டைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, சேற்றில் இறங்கிப் பின்னாலிருந்து தோள் கொடுத்தார்.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"நீ வாழப்போற ஊரு. கோர்ட்டு இல்லாம நல்லாவா இருக்கும்?"

கட்டடம் முனகிக்கொண்டு நகர்ந்தது. லெவி குனிந்த தலை நிமிராமல் தள்ளிக்கொண்டே போனார். கார்வெல்லின் எல்லைக்கல்லை அவர் தாண்டியதை ஆர்ஃபா பார்த்தாள். சொல்லவில்லை.