ஒளிமங்கைக்கு வாய்த்த அண்ணன்

போன மாதம் அக்கா மகன் என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். பழுப்பேறிய காமிக்ஸ் பக்கம் ஒன்று. கொட்டும் மழையில், ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியில், முகமூடி போட்ட ஆணும் நீல உடை அணிந்த பெண்ணும் கட்டிப்பிடித்தபடி நிற்கிறார்கள். இரண்டு முகங்களும் சேருகிற இடத்தில் சரியாக ஒரு பெரிய வெள்ளை பலூன். அதற்குள், "அண்ணா! உங்களுக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதிக்கிறதே!" என்று எழுதியிருக்கிறது. பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'தமிழில்' என்று போட்டு என் பெயர். பழைய காமிக்ஸ் சேர்க்கிற எவனோ ஒரு புண்ணியவான் இதை இணையத்தில் போட்டுவிட, பார்க்கிறவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்களாம். "சித்தி, நீங்கதானா இது?" என்று கேட்டு, அதற்குக் கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் மூஞ்சிகளை ஒரு வரிசைக்கு அடுக்கியிருந்தான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. முதலில் இவனுக்குச் சிரிக்க என்ன யோக்கியதை இருக்கிறது? கல்யாணமாகித் தில்லை நகரில் தனிக்குடித்தனம் இருக்கிறவன், ஞாயிற்றுக்கிழமையானால் சிநேகிதர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு எந்தச் சூப்பர் ஹீரோவுக்கு எந்தச் சூப்பர் ஹீரோயின் பொருத்தம் என்று மல்லுக்கு நிற்கிறான். சிறகு முளைத்தவளுக்குப் பாறை உடம்புக்காரன்தான் சரி, அவளைப் போய் மின்னல்காரனோடு சேர்த்து எழுதியவனுக்கு மண்டையில் ஒன்றுமே இல்லை என்று தொண்டை கட்டும் வரை கத்துகிறார்கள். இவன் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தபோதுகூட வீட்டில் இவ்வளவு விவாதம் நடக்கவில்லை. நடுவில் இவன் பெண்டாட்டி வந்து, மாமியார் உட்கார்ந்திருக்கும்போதே, "டேய், காபி வேணுமா வேணாமா?" என்கிறாள். என் அக்காவும் காதில் விழாதது மாதிரி சேனலை மாற்றுகிறாள். புருஷனை எப்படிக் கூப்பிடுவது என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லாத வீடு. இவர்களுக்கு அந்த பலூனின் கஷ்டம் எங்கே புரியப் போகிறது?

அந்தக் காய்ச்சல் நான் கொடுத்த காய்ச்சல் இல்லை. எங்கள் ஆசிரியர் கொடுத்தது. காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வெங்காய மண்டியின் மாடியில் எங்கள் மாதப் பத்திரிகை நடந்துகொண்டிருந்தது. மொத்தமே மூன்று பேர். வெளிநாட்டுச் சூப்பர் ஹீரோ கதைகளை வரவழைத்து வெளியிடுகிற ஆசிரியர், அவற்றைத் தமிழாக்குகிற நான், நான் எழுதியதை பலூன்களுக்குள் கையால் எழுதுகிற எழுத்துக்காரர். நான் அப்போதுதான் படிப்பை முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தேன். எழுத்துக்காரருக்குத் தொட்டியம், என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஆசிரியர் அவரைக் காட்டி, "இவர் உனக்கு அண்ணன் மாதிரிம்மா. அண்ணான்னே கூப்பிடு, யாருக்கும் பேச்சு வராது" என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இந்த ஊரில் வேலைக்குப் போகும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு சொல்லைக் கவசம் மாதிரி மாட்டிக்கொண்டுதான் ஆபீஸ் படி ஏறினார்கள்.

வஜ்ரனும் ஒளிமங்கையும் எங்களிடம் வந்து சேர்ந்தது அந்த வருஷம்தான். பெயர்கள் ஆசிரியர் வைத்தவை. வஜ்ரன் உடம்பு வைரம், குண்டு துளைக்காது. ஒளிமங்கை வெளிச்சத்தைக் கயிறாகத் திரித்து வீசுகிறவள். முதல் கதையில் அவன் தலைமேல் ஒரு பாலம் இடிந்து விழப்போகிறது, அவள் கத்துகிறாள். நான் "வஜ்ரா, விலகு!" என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து என்னைக் கூப்பிட்டார். "என்னம்மா இது? வயசுப் பொண்ணு ஒரு ஆம்பளையப் பேர் சொல்லி, அதுவும் விலகுன்னு சொல்லுவாளா? வீட்டுல சின்னப் பசங்க படிக்கிறது." அடித்துவிட்டு, "விலகிக்கொள்ளுங்கள் அண்ணா!" என்று எழுதினார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாலம் விழுந்து புல் முளைத்துவிடும் சார் என்றேன். "மரியாதைக்கு அவசரம் கிடையாதும்மா. நீ இவரை எப்படிக் கூப்பிடுற?" என்றார். எழுத்துக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. "அண்ணான்னுதான்" என்றேன். "அப்புறம் என்ன?" என்றார் ஆசிரியர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூலக் கதைகள் கட்டுக் கட்டாகப் பார்சலில் வரும், ஆறு ஆறாக. அடுத்த கட்டில் என்ன இருக்கிறது என்பது எங்களுக்கே தெரியாது. அதனால் தைரியமாக மாதாமாதம் அண்ணா அண்ணா என்று போட்டுக்கொண்டே போனோம். வாசகர்களும் நம்பிவிட்டார்கள். லால்குடியிலிருந்து ஓர் ஆசிரியை, வஜ்ரனையும் ஒளிமங்கையையும் போல அண்ணன் தங்கை இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பதாக எழுதினார். ஆசிரியர் அந்தக் கடிதத்தைக் கட்டம் கட்டி வெளியிட்டார். மூன்றாவது பார்சலைப் பிரித்த நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மழை, மாடி, முத்தம். பக்கம் முழுக்க முத்தம். நான் சத்தம் போடாமல் அதைக் கொண்டுபோய் ஆசிரியர் மேஜையில் வைத்தேன். சுடுகிற தோசைக்கல்லைத் தொட்டுவிட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார், கேட்டீங்களா?" என்று நான் கத்தினேன். அவர் அசரவில்லை. பலூனைப் பெரிதாகப் போட்டு இரண்டு முகங்களையும் மறைக்கச் சொன்னார். மறைத்தால் மட்டும் போதுமா, அவள் ஏன் அத்தனை நெருக்கத்தில் நிற்கிறாள் என்று கேட்டேன். ஐந்து நிமிஷம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல்மா. நெத்தியத் தொட்டுப் பாக்குறா" என்றார். வைர உடம்புக்குக் காய்ச்சல் வருமா சார்? "வைரமா இருந்தா என்ன, மழைல நனைஞ்சா வராதா?" இப்படி ஒரு மனிதரிடம் என்ன பேசுவது? அடுத்த இதழில் கைகோத்து நடந்தார்கள். அவனுக்குக் கண்ணில் தூசி, இவள் வழிகாட்டுகிறாள். அதற்கடுத்த இதழில் அவன் மண்டியிட்டு மோதிரம் நீட்டினான். ரட்சாபந்தனுக்குத் தங்கைக்குப் பரிசாம். என் பெயரைப் போட வேண்டாம் என்று கெஞ்சினேன். "உன் உழைப்பும்மா, போடாம இருக்கலாமா?" என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டார்.

எழுத்துக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ் வாக்கியம் இங்கிலீஷ் பலூனுக்குள் லேசில் உட்காராது. இரண்டு வரி பேச்சு நான்கு வரியாகிப் பிதுங்கும். அதனால் ஆசிரியர் என் வசனங்களில் பாதியை இரக்கமில்லாமல் வெட்டுவார். வெட்டியதை எழுத்துக்காரர் படித்துப் பார்ப்பார். நல்ல வரியாக இருந்தால், எறும்பு எழுத்தில், பலூன் விளிம்பைக்கூடத் தொடாமல், முழுசாக உள்ளே எழுதிவிடுவார். அச்சாகி வந்த பிறகுதான் நான் பார்ப்பேன். "வெட்டச் சொன்னாரே" என்றால், "உக்காந்துடுச்சுங்க, அப்புறம் எதுக்கு எழுப்பணும்?" என்பார். என் வரிக்காக அப்படிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அவரும் ஒருநாள்கூட என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க", "கேளுங்க", அவ்வளவுதான். நான்தான் வாய்க்கு வாய் அண்ணா போட்டுக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாவது இதழுக்கு உரிய கதையில் கல்யாணமே வந்துவிட்டது. மலர் வளைவு, வெள்ளை உடை, சுற்றி நின்று கை தட்டும் நாற்பது சூப்பர் ஹீரோக்கள். இதற்கு எந்தக் காய்ச்சலும் உதவாது. இதழை நிறுத்தினால் பத்திரிகை படுத்துவிடும். இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்துவிட்டு ஆசிரியர் மூன்றாம் நாள் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். கதையில் ஒரு கிழ விஞ்ஞானி எங்கோ நின்று வானிலை பேசிக்கொண்டிருப்பார். அந்தக் கிழவரின் பலூனில் புதிதாக ஒரு வசனம் எழுதச் சொன்னார் ஆசிரியர்: "வஜ்ரா! நீங்கள் உடன்பிறந்தவர்கள் அல்ல. இவள் உன் மாமன் மகள்!"

நான் பேனாவைத் தூக்கிப் போட்டேன். "சார், பதினேழு இதழா தெரியாத உறவு அந்தக் கிழவருக்கு மட்டும் எப்படி சார் தெரியும்?" விஞ்ஞானியாச்சே என்றார். "சரி, இனிமே அவ இவனை என்னன்னு கூப்பிடுவா? அண்ணான்னு கூப்பிட முடியாது. பேர் சொல்ல நீங்க விடமாட்டீங்க." அதையும் யோசித்து வைத்திருந்தார். "என்னங்கன்னு கூப்பிடட்டும்." நேற்று வரை அண்ணா என்றவள் இன்றைக்கு எப்படி சார் என்னங்க என்பாள், நாக்கு கூசாதா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்டது. "பழகிடும்மா. பொண்ணுங்களுக்கு அது தானா வரும்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் வெற்றிலை வாங்கக் கீழே இறங்கினார். எழுத்துக்காரரின் பேனா நின்றிருந்தது. "வருமாங்க?" என்று கேட்டார். நான் தெரியாதண்ணா என்று சொல்லி, இல்லாத பிழையைத் தேடிக் காகிதத்துக்குள் குனிந்துகொண்டேன். இதழ் வெளிவந்தது. ஒரு வாசகர்கூட எதிர்த்து எழுதவில்லை. மாமன் மகள்தானே, முறை சரியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள். லால்குடி ஆசிரியை மட்டும் வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தார்.

அக்கா மகனுக்கு நான், "எல்லாம் எங்க ஆசிரியர் பண்ண வேலைடா" என்று பதில் போட்டேன். அது உண்மைதான். ஆனால் ஒன்றே ஒன்றில் அவர்மேல் பழி போட முடியாது. அன்றைக்கு அவர் அங்கே இல்லவே இல்லை.

அந்தக் கல்யாண இதழ் வந்த அடுத்த மாதமே எழுத்துக்காரருக்குக் கோயமுத்தூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கடைசி நாள் சனிக்கிழமை. ஆசிரியர் அச்சகத்துக்குப் போயிருந்தார். பிற்பகல், மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் பேனாக்களைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, என் மேஜைக்கு எதிரில் வந்து நின்றார்.

"வீட்டுல பொண்ணு பாத்து வெச்சிருக்காங்க. நாளைக்குத் தொட்டியம் போனதும் சரியா இல்லையான்னு நான் சொல்லணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேங்க. இனிமே என்னை அண்ணான்னு கூப்பிடாதீங்க. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. இல்ல, சும்மா இந்தாங்கன்னு சொன்னாக்கூடப் போதும். அது மட்டும் வேணாம். மிச்சத்த நான் புரிஞ்சுக்குறேன்."

எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காகத்தான் எத்தனையோ நாளாகக் காத்திருந்தேன். சந்தோஷத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. தலையை வேகமாக ஆட்டினேன். வாயைத் திறந்தேன்.

"சரிங்கண்ணா" என்றேன்.

கடவுளே, அது பழக்கம். வேறொன்றுமே இல்லை, வெறும் பழக்கம். மனசு ஒன்றைச் சொல்ல, பாழாய்ப்போன நாக்கு தினமும் சொல்வதையே சொல்லித் தொலைத்தது. அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன், மூளை கெட்டவள். "சரிங்க, வரேன்" என்று பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு படி இறங்கினார். ஒவ்வொரு படியாகச் செருப்புச் சத்தம் கேட்டது. ஓடிப்போய் நிறுத்த வேண்டும் என்று எழுந்துவிட்டேன். எதைச் சொல்லிக் கூப்பிடுவது? பெயர் தொண்டையைத் தாண்டவில்லை. என்னங்க என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை? அவரைக் கூப்பிட என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல். அதைத்தான் அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கீழே மூட்டை இறக்குகிறவர்களின் சத்தத்தில் செருப்புச் சத்தம் கலந்து போயிற்று.

தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் பார்க்க வந்தபோது காபி டம்ளரை நீட்டிய ஒரு நிமிஷம் பார்த்த மனிதர். நல்லவர், இன்றைக்கு வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவரை "என்னங்க" என்று கூப்பிட்டேன். நாக்கு ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை.