மருமகள் காய்த்த வருடம்

வெளியூர்ப் பார்சல்களில் வரும் செடி, விதை, கிழங்குகளில் பூச்சியோ நோயோ இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது எங்கள் அலுவலகத்தின் வேலை. நான் சேர்ந்து மூன்றாவது வாரம், கிரீஸ் கறை படிந்த காக்கிச் சட்டையோடு ஒருவர் கவுண்டரில் வந்து நின்றார். தன் பார்சல் பத்து நாளாக எந்த மூலையில் தூங்குகிறது என்று கேட்டார்.

“வரிசைப்படிதான் பார்ப்போம்” என்றேன்.

“வரிசையில நிக்கிறது விதைக்குத் தெரியாதே தம்பி. டப்பாவுல போட்டு வைக்க இது என்ன பருப்பா? காஞ்சா செத்துரும்.”

பிரித்தோம். ஈரப் பாசியில் சுற்றி வந்த ஐந்து மங்குஸ்தான் விதைகளும் கறுத்துச் சுருங்கியிருந்தன. அவர் சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றையும் நகத்தால் கீறிப் பார்த்தார். “போய்ட்டாங்க” என்றார், ஆட்களைச் சொல்வதுபோல. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் விலாசத்தைப் பார்த்து அவர் வீட்டுக்குப் போனேன்.

பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். லிஃப்ட்டுக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். இரண்டு அறை வீடு. அதற்குப் பின்னால் ஒரு லாரி நிற்கும் அளவு இடம். அதில் எண்ணெய் பீப்பாய்களை அறுத்துச் செய்த தொட்டிகளில் முப்பது மரங்கள். கிராமத்தில் பிறந்த எனக்கு மரம் என்றால் நிழல், இல்லையென்றால் விறகு. மருந்துப் புட்டியில் சீட்டு ஒட்டுவதுபோல ஒவ்வொரு மரத்துக்கும் தகட்டில் பெயரும் தேதியும் அடித்துக் கட்டியிருந்ததை அங்கேதான் பார்த்தேன்.

தரையில் நட்டிருந்தது ஒன்றே ஒன்று. சிவப்புச் சுளைத் துரியன். துறைமுகக் கட்டடத்தில் லிஃப்ட் சரிசெய்யப் போனபோது கப்பல் சமையல்காரர் ஒருவர் கொடுத்த விதை. ஈரத்துணியில் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு கட்டி எடுத்து வந்தாராம்.

“இதுக்குப் பேரு மருமக” என்றார். “வெயில் பட்டா மூஞ்சியத் தூக்குவா. தண்ணி கூடினா கோவிச்சுக்குவா. ஆறு வருஷமா ஒரு பூ கிடையாது.”

“எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா தெரியாது. அவளுக்கு ஒரு இலை வாடினா லீவு போட்டுருவாரு” என்றார் அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

“உனக்குக் காய்ச்சல்னா வாயால சொல்லுவ. அவளுக்கு வாயிருக்கா?”

“வாய் இருக்கறதுதான் எனக்குக் கேடு.”

மருமகளின் அடிமரத்தில் மட்டும் தகடு இல்லை. முதலில் கட்டியது எங்கேயோ விழுந்துவிட்டதென்று கிளையில் புதிதாக ஒன்று தொங்கவிட்டிருந்தார்.

எட்டாவது வருடம் பூத்தாள். அந்திக்கு விரியும் பூக்களுக்கு ஏணியில் ஏறி, பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாக மகரந்தம் தடவினார். பதினொரு காய் நின்றது. கிளை முறியாதிருக்க ஒவ்வொரு காயையும் லிஃப்ட் கயிற்றின் பிரிகளால் கட்டினார். முற்றுவதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தபோது ஒரு மத்தியானம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் காகிதத்தில் பொதிந்த ஒரு துண்டுப் பட்டை.

“முழங்கால் உசரத்துல கறுப்பா வடியுது தம்பி. நீ படிச்சவன். பார்த்துச் சொல்லு.”

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த வருடம் அக்கம்பக்கத்துத் தோப்புகளில் பட்டைக் கசிவு நோய் பரவிக்கொண்டிருந்தது. பாடப் புத்தகத்தில் இருந்த படமும் இதுவும் ஒன்றாகத் தெரிந்தன. பார்த்ததை மேலதிகாரியிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சந்தேகம் என்று எழுதினால் ஆய்வு முடிவு வர மூன்று வாரம் காத்திருப்பார்கள். உறுதி என்று எழுதினால் மறுநாளே வெட்ட வேண்டும்.

“படிச்சிட்டு வந்திருக்கியே, உறுதியா, சந்தேகமா?” என்றார் மேலதிகாரி. விதை எங்கிருந்து வந்தது, அனுமதிக் காகிதம் உண்டா என்றும் கேட்டார். லிஃப்ட்டுக்காரர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். காகிதமில்லாத கப்பல் விதை. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உறுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை ஆட்களோடு நானும் போனேன்.

“ஆறு வாரம் தம்பி. அப்புறம் நானே வெட்டித் தரேன்.”

“பரவிடும் அண்ணே.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மனைவி முன்னால் வந்து நின்றபோது அவர்தான் விலக்கினார். “தம்பி படிச்ச பிள்ள. தெரியாமச் சொல்லுமா?”

பதினொரு காய்களையும் அவரே கயிறு அவிழ்த்து இறக்கிச் சாக்கில் போட்டார். கடைசிக் காயைச் சற்று நேரம் கையில் வைத்திருந்தார். அதையும் எரிக்க வேண்டும் என்றேன். போட்டார்.

ரம்பம் முழங்கால் உயரத்தில் பாதி மரம் போனதும் கிறீச்சென்று கத்தி நின்றது. பல் உடைந்திருந்தது. கோடரியால் பிளந்தார்கள். மரத்துக்குள்ளே வளையமாக ஒரு செம்புக் கம்பி, பச்சை பூத்து. அதில் ஒரு தகடு. கன்றாக இருந்தபோது கட்டியது. அடிமரம் பருக்கப் பருக்கக் கம்பியை விழுங்கி, அது இறுக்கிய இடம் அழுகி வடிந்திருக்கிறது. கம்பியைச் சுற்றி மட்டும் கறுப்பு. மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேர் என்ற மரம்.

லிஃப்ட்டுக்காரர் தகட்டை வாங்கிச் சட்டையில் துடைத்துத் தேதியைப் படித்தார்.

“விழலையா இது? நான்தான் தளர்த்தாம விட்டுட்டேன்.”

பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். உத்தரவு அந்த இடம் முழுவதற்கும் என்பதால் தொட்டி மரங்கள் முப்பதையும் அன்று சாயங்காலத்துக்குள் எரித்தார்கள். அப்போதும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஆய்வுக்கு அனுப்பியிருந்த பட்டைக்கு மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. நோய் இல்லை. அந்தத் தாளின் கீழே என் கையெழுத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அக்காதான் வாங்கினார். இரண்டு முறை படித்தார்.

“பட்டம் வாங்கின கையெழுத்து அழகா இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

லிஃப்ட்டுக்காரர் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் பார்க்கிறார். மரங்கள் இருந்த இடத்தில் சிமென்ட் போட்டாகிவிட்டது. அதன்மேல் கொடி கட்டித் துணி காயப் போடுகிறார்கள். என்னை வழியில் பார்த்தால், “சாப்பிட்டியா தம்பி?” என்று கேட்கிறார். மரத்தைப் பற்றிப் பேசுவதில்லை.